மகனுக்கு ‘நேஷனல் சர்வீஸ்’ கடிதம் வந்தால்: கோலாலம்பூர், பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் பெற்றோரும் பிள்ளைகளும் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறோம். பிற்பகுதிப் பதில்கள் முற்பகுதியை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

நேஷனல் சர்வீஸ்னு எல்லாரும் சொல்றாங்க. அது நம்ம நாட்டுதா, சிங்கப்பூரோடதா?

இரண்டு நாட்டிலும் அதே பெயர்தான். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மலேசியாவில் இருப்பது பி.எல்.கே.என். எனப்படும் தேசிய சேவைப் பயிற்சித் திட்டம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்து, 2004-இல் முதல் அணி பயிற்சிக்குப் போனது. 2015-இல் ஓராண்டு நிறுத்தப்பட்டு, 2018-இல் கைவிடப்பட்டு, 2025 ஜனவரியில் 45 நாள் பயிற்சியாகத் திரும்பியது. ஆண், பெண் இருபாலருக்கும் அழைப்பு வரலாம். இது பயிற்சி மட்டுமே. முடிந்ததும் யாரும் சிப்பாய் ஆவதில்லை.

சிங்கப்பூரில் இருப்பது உண்மையான கட்டாயப் படைச்சேவை. 1967-இல் தொடங்கியது. ஆண்களுக்கு மட்டும், முழுநேரமாக இரண்டு ஆண்டு. அதன்பின் ஆண்டுதோறும் திரும்ப அழைக்கப்படலாம். கையில் உள்ள கடிதம் எந்த நாட்டுடையது என்பதை முதலில் பாருங்கள். மற்ற எல்லாப் பதிலும் அதைப் பொறுத்ததே.

போர் வரப்போகுது, 18 வயசுப் பையன்களை எல்லாம் எடுக்கப்போறாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா?

மலேசிய இராணுவம் இன்று முழுக்க விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களால் ஆனது. அஸ்கார் வத்தானியா என்னும் தொண்டூழியப் படையும், பல்கலைக்கழக மாணவர்களுக்கான பாலாபெஸ் பிரிவும்கூட அப்படித்தான். பி.எல்.கே.என். முடித்த பையனின் பெயர் போர்முனைப் பட்டியலில் ஏறுவதில்லை.

கட்டாயச் சேவையே இங்கு வர முடியாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதே பிரிவு, தேசிய நோக்கத்துக்காகக் கட்டாயச் சேவையைச் சட்டமாக்கும் உரிமையை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. முன்பு நடந்தும் இருக்கிறது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலத்தில், 1951-இல், பிரிட்டிஷ் நிர்வாகம் இளைஞர்களைக் கட்டாயமாக அழைத்தது. சீன இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுப் போனார்கள். அப்படி ஒன்று மீண்டும் வருமானால் அது தற்காப்பு அமைச்சின் அறிவிப்பாக, எல்லா நாளிதழிலும் வரும். குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் மட்டும் வராது.

பி.எல்.கே.என். அழைப்பு வந்துச்சு. போகாம விட்டா என்ன பண்ணுவாங்க?

முறையான காரணம் இல்லாமல் போகாதது குற்றம். 3,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. வெறும் 45 நாளுக்காக 20 வயதில் ஒரு வழக்கைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டாம்.

போக முடியாத நிலை என்றால் பெனாங்குஹான், அதாவது ஒத்திவைப்பு, கேட்டு எழுதுங்கள். மேற்படிப்புச் சேர்க்கைக் கடிதம், மருத்துவமனை அறிக்கை, வீட்டில் பிள்ளையை நம்பியிருக்கும் நோயாளியின் சான்று என எதுவானாலும் ஆவணத்தோடு அனுப்ப வேண்டும். ‘எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு மாமா கடையில் வேலை பார்க்கிறான்’ என்பது தனியாக நிற்காது. அனுப்பியதற்கான ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். பதில் வரும்வரை அழைப்பு செல்லுபடியாகவே இருக்கும். விண்ணப்பித்ததாலேயே விலக்குக் கிடைத்துவிட்டது என்று நினைப்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

பையனுக்கு ஆஸ்துமா இருக்கு. கெம்புக்கு அனுப்பப் பயமா இருக்கு. சொல்லலாமா, மறைக்கலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். முந்தைய பி.எல்.கே.என். காலத்தில் பயிற்சியில் இருந்த பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகவே நோயை மறைக்கக் கூடாது. வெயிலில் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பயிற்சியாளர் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தெரு முனை கிளினிக்கில் வாங்கும் ‘இவருக்கு ஆஸ்துமா உண்டு’ என்ற ஒரு வரிக் கடிதம் எந்த நாட்டிலும் எடுபடாது. நுரையீரல் சோதனை முடிவு, எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், கடைசியாக மூச்சுத் திணறி வார்டில் படுத்த தேதி, நிபுணரின் கையொப்பம் ஆகிய நான்கும் ஒரே அறிக்கையில் வேண்டும். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். கடிதம் வந்த நாளிலேயே பதிந்துவிடுங்கள். ஜி6பி.டி. குறைபாடு, அதாவது சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு, இருந்தால் பிறந்தவுடன் சோதித்துச் சொல்லப்பட்டிருக்கும். பழைய குழந்தைக் கார்டைத் தேடி எடுத்து, பையன் கையில் ஒரு நகல் கொடுங்கள். சில மருந்துகள் அவனுக்கு ஆகாது என்பது முகாம் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நான் பத்து வருஷமா சிங்கப்பூர்ல வேலை செய்றேன். என்னைப் படையில கூப்பிடுவாங்களா?

வேலை பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவருக்குப் படைச்சேவை கிடையாது. வேலைத் திறனை வைத்து நீங்களே விண்ணப்பித்து பி.ஆர்., அதாவது நிரந்தரவாசம், பெற்றிருந்தாலும் உங்களுக்குக் கிடையாது.

உங்கள் பொறுப்பில் பி.ஆர். வாங்கும் மகனுக்கு உண்டு. மாணவனாக இருந்து பி.ஆர். பெற்ற ஆணுக்கும் உண்டு. சட்டம் அவனை இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசியாகப் பார்க்கிறது. மகள்களுக்கு இல்லை.

அப்போ பையனுக்கும் சேர்த்து பி.ஆர். போடலாமா வேணாமா?

இந்தப் பக்கத்தில் நீங்கள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய கேள்வி இதுதான். படைச்சேவை பற்றிய முடிவு 18 வயதில் எடுக்கப்படுவதில்லை. பிள்ளைக்கு நான்கோ ஐந்தோ வயதாக இருக்கும்போது, அப்பா பி.ஆர். விண்ணப்பத்தில் அவன் பெயரைச் சேர்க்கும் அன்றே அது எடுக்கப்பட்டுவிடுகிறது. பள்ளிக் கட்டணம் குறையும், வீடு வாங்கலாம் என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். பதின்மூன்று ஆண்டு கழித்து அவன் வந்து ‘என்னைக் கேட்டீர்களா?’ என்று நிற்கிறான்.

சேர்ப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே வளர்ந்து, படித்து, வேலை பார்க்கப்போகும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுச் சேவை நியாயமான கடன்தான். ஆனால் குடும்பம் மலேசியாவுக்கே திரும்பப்போகிறது, பிள்ளை பினாங்கில்தான் படிக்கப்போகிறான் என்றால், அவனை மாணவர் பாஸிலோ சார்ந்தோர் பாஸிலோ வைத்திருப்பது பாதுகாப்பு. செலவு கூடும். அதைக் கணக்குப் போட்டு, கணவன் மனைவி இருவரும் பேசி, பிறகு கையெழுத்திடுங்கள்.

மகனுக்கு பி.ஆர். இருக்கு, ஆனா பினாங்குல பாட்டி வீட்டுல தங்கிப் படிக்கிறான். நாங்க சிங்கப்பூர்ல. ஏதாச்சும் செய்யணுமா?

ஆம். பையனுக்கு 13 வயது ஆனதும் எக்ஸிட் பெர்மிட் விதி தொடங்கிவிடும். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே இருப்பதற்கு அனுமதி வேண்டும். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பிணைத்தொகையும் வேண்டும். அது 75,000 சிங்கப்பூர் வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் முந்தைய ஆண்டு வருமானத்தில் பாதி. இரண்டில் எது அதிகமோ அது. நம் பணத்தில் இரண்டு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். பதினாறரை வயதுக்குமேல் நிபந்தனை இன்னும் இறுகும்.

‘மலேசியப் பிள்ளை மலேசியாவில் படிப்பதற்கு அங்கே எதற்கு அனுமதி?’ என்று கேட்கிறார்கள். அவனுடைய மலேசிய ஐ.சி., அதாவது அடையாள அட்டை, இந்த விதியைத் தள்ளிவிடாது. பி.ஆர். இருக்கும்வரை அந்த நாட்டுக் கணக்கில் அவன் சேவைக்குக் கடமைப்பட்டவன். வாரக் கடைசியில் ஜொகூர் பாலம் தாண்டி வந்துபோவது வேறு, பட்டர்வொர்த்தில் ஆறாண்டு இடைநிலைப்பள்ளி படிப்பது வேறு.

எங்களுக்குக் கடிதமே வரலையே. வராததுக்கு நாங்க என்ன பண்றது?

பதினாறரை வயதில் பதிவு அழைப்பு வரும். அது போகுமிடம் சிங்கப்பூர் அரசுப் பதிவில் உள்ள முகவரி. வழக்கமாக நடப்பது இது: சிங்கப்பூரின் செங்காங்கில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் குடும்பம் மலேசியாவின் செலாயாங் வந்திருக்கும், முகவரி மாற்றியிருக்க மாட்டார்கள், கடிதம் பழைய வீட்டுப் பெட்டியில் விழும். அல்லது பையனுக்குச் சிங்பாஸ், அதாவது சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்கான கணக்கு, திறந்திருக்கவே மாட்டார்கள். படைச்சேவை இணையதளத்தில் நுழையவும், மருத்துவச் சோதனைக்குத் தேதி எடுக்கவும் அது வேண்டும். கடிதங்கள் திரும்பிப் போனபின் அது ‘பதிலளிக்கத் தவறியவர்’ என்ற கோப்பாகிவிடுகிறது.

பையனுக்கு 15 வயது ஆனதும் சிங்பாஸ் எடுத்துக் கொடுங்கள். முகவரியைச் சரிபாருங்கள். பதினாறரை தாண்டியும் எதுவும் வரவில்லை என்றால், சி.எம்.பி.பி. என்று எல்லோரும் சொல்லும் ஆள்சேர்ப்பு மையத்துக்கு நீங்களே எழுதுங்கள். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள சிங்கப்பூர்த் தூதரகத்துக்குப் பலர் நேரில் போகிறார்கள். அங்கே பதிவு நடப்பதில்லை, சி.எம்.பி.பி.-ஐத் தொடர்புகொள்ளுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

கடிதம் வர்றதுக்கு முன்னாடி பி.ஆர்.-ஐத் திருப்பிக் கொடுத்துட்டா முடிஞ்சதா?

கொடுக்கலாம். ஆனால் கணக்கு அதோடு தீராது. சேவை செய்யாமல் பி.ஆர். விட்டவன் பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ மீண்டும் பி.ஆர். கேட்கவோ போனால், அது அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும் என்று அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையே அறிவித்திருக்கிறது. அவனுக்குப் பொறுப்பேற்ற பெற்றோரின் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் பாதிப்பு வரலாம்.

பொறியியல், தாதிமை, கணினி என்று படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் 25 வயதில் சிங்கப்பூர் வேலையைத் தேடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கதவு சாத்தப்படக்கூடும் என்று தெரிந்தே விடுவதானால் விடுங்கள். பதிவு அழைப்பு வந்து, அதற்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு பி.ஆர். விடுவது இன்னும் மோசம். அழைப்பை மீறிய குற்றம் பி.ஆர். போனதால் மறையாது.

அப்பா மலேசியர், அம்மா சிங்கப்பூர். பையனுக்கு ரெண்டு பாஸ்போர்ட்டும் இருக்கு. எதை வெச்சுக்கறது?

இந்த நிலையில் அவன் சிங்கப்பூர்க் குடிமகன். பி.ஆர். பிள்ளையைப்போல எளிதில் விட முடியாது. 21 வயதுக்கு முன் குடியுரிமையைத் துறக்க வழியில்லை. சேவைக் கடமை 18-இலேயே வந்துவிடும். மிகச் சிறு வயதிலேயே ஊரைவிட்டு வந்து, அந்நாட்டின் சலுகை எதையும் அனுபவிக்காதவர்களுக்குச் சேவையின்றித் துறக்க அனுமதி கிடைப்பதுண்டு. அதற்கும் 13 வயது முதல் எக்ஸிட் பெர்மிட்டை இடைவிடாமல் முறையாக வைத்திருக்க வேண்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் இரு பக்கமும் சிக்கல் உண்டு. இந்த ஒரு நிலைக்கு மட்டும், பிள்ளைக்கு 12 வயது ஆகும்போதே வழக்கறிஞரைப் பார்ப்பது வீண் செலவல்ல.

சிங்கப்பூர் படையில சேர்ந்தா மலேசியக் குடியுரிமை போயிடுமா?

பி.ஆர். பையன் சேவை முடித்தும் மலேசியனாகவே இருக்கிறான். மைகார்டு என்ற அடையாள அட்டையும் மலேசியப் பாஸ்போர்ட்டும் அவனுடையவை. சேவைக்குப் பிறகு சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துக்கொள்வதுதான் மலேசியக் குடியுரிமையை முடிக்கும்.

யுனிவர்சிட்டி முடிச்சிட்டுப் போறேன்னு சொன்னா விடுவாங்களா?

சிங்கப்பூரில் விடமாட்டார்கள். ஏ லெவல், பாலிடெக்னிக் டிப்ளோமா வரைதான் ஒத்திவைப்பு. பட்டப்படிப்புக்கு இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்திருந்தாலும் இதே பதில். பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் சேவைக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கத் தயாராக, எல்லாச் சான்றிதழ்களின் உறுதிசெய்த நகல்களையும் எடுத்து வையுங்கள். பி.எல்.கே.என். அழைப்பும் அதே சமயம் வந்தால், சிங்கப்பூர் அழைப்பின் நகலை இணைத்து, மேலே சொன்னபடி ஒத்திவைப்புக் கேளுங்கள்.

அந்த ரெண்டு வருஷம் எப்படி இருக்கும்? எதுக்குத் தயாராகணும்?

பெரும்பாலோர் சிங்கப்பூரின் புலாவ் தேக்கோங் தீவில் ஒன்பது வார அடிப்படைப் பயிற்சியில் தொடங்குவார்கள். அதற்கு முன் நடக்கும் மருத்துவச் சோதனையில் உடற்தகுதித் தரம் தருவார்கள். அதைப் பொறுத்து போர்ப்பிரிவு, அலுவலகப் பணி, போலீஸ், குடிமைத் தற்காப்பு என்று பிரியும். விருப்பத்தைச் சொல்லலாம், கிடைக்கும் என்ற உறுதியில்லை. தொடக்கப் படி மாதம் சுமார் 800 சிங்கப்பூர் வெள்ளி.

சேர்வதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் தேறினால் சேவை இரண்டு மாதம் குறையும். ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் படுத்து எழுந்திருத்தல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். தித்திவாங்சா ஏரிப் பக்கமோ பினாங்கு இளைஞர் பூங்காவிலோ நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதல் மாதம் வாரம் மூன்று நாள் மெதுவாக ஓடினால் போதும். கடைசி மூன்று வாரத்தில் மொத்தமாக ஓடிப் பிடித்துவிடலாம் என்பவர்களுக்குக் கணுக்காலும் முழங்காலும்தான் போகின்றன.

அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருக்கும் என்பதால் நம் பையன்களுக்கு அந்தப் பக்கம் சிரமமில்லை. சைவ உணவு உண்டு; சேரும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், பாதியில் மாற்றுவது தலைவலி. தைப்பூசம் அங்கே பொது விடுமுறை இல்லை. பத்துமலைக்குக் காவடி நேர்ந்திருந்தால் விடுப்பை வெகு முன்னதாகவே கேட்கச் சொல்லுங்கள். அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் தைப்பூசம் வந்தால் அந்த ஆண்டு நேர்த்தியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதே நடைமுறை.

துப்பாக்கியைத் தொடவே எனக்கு மனசு வரல. அதுக்கு வழி இருக்கா?

தம்பி, சிங்கப்பூரில் மனச்சாட்சி காரணமான மறுப்பைச் சட்டம் ஏற்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் சமயத்தவர் பல ஆண்டுகளாக மறுத்து, இராணுவத் தடுப்பு முகாமுக்குப் போகிறார்கள். குடிமைத் தற்காப்புப் படையில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணி உண்டு. அங்கே போட்டால் நன்று என்று எழுதலாம், உரிமையாகக் கேட்க முடியாது. உங்கள் மனம் அவ்வளவு உறுதி என்றால், பதினாறரைக்கு முன்பே அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பி.ஆர். விடுவதன் விலையை அப்போது சேர்ந்து எடைபோடலாம். முகாம் வாசலில் நின்று சொன்னால் மிஞ்சுவது தண்டனை மட்டுமே.

சேவை முடிச்சுட்டு இப்போ கே.எல்.-ல இருக்கேன். நிஜமாவே போர் வந்தா என்னைக் கூப்பிடுவாங்களா?

பி.ஆர். இன்னும் இருந்தால், ஆம். இரண்டு ஆண்டு முடிந்ததும் தயார்நிலைப் படையில் பெயர் இருக்கும். சாதாரண வீரருக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வரை. ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம். படைதிரட்டலின்போது தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சங்கேதச் சொற்களை ஒலிபரப்புவார்கள். இன்னும் அதை அவ்வப்போது ஒத்திகை பார்க்கிறார்கள்.

14 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அறிவிக்க வேண்டும், ஆறு மாதம் என்றால் எக்ஸிட் பெர்மிட். கோலாலம்பூரும் வெளிநாடுதான், இதை மறந்தவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள். முறையாக எக்ஸிட் பெர்மிட் எடுத்து வெளியே இருப்பவரைப் பொதுவாக ஆண்டுப் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை.

ரஷ்யாவுல வேலை, மாசம் நல்ல சம்பளம்னு ஏஜெண்டு சொல்றார். போர் நடக்கற பக்கம் போக வேண்டியதில்லையாம். நம்பலாமா?

வேண்டாம். சமையல், காவல், உதவியாள் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட இந்திய, நேபாள, இலங்கை இளைஞர்கள் உக்ரேன் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் இந்தியப் பிரதமர் மாஸ்கோ போனபோது இதை நேரடியாகவே எழுப்ப வேண்டியிருந்தது. புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே போலீஸ் புகார் செய்யுங்கள்.

வீட்டுல சொல்ல முடியல. ராத்திரி தூக்கமே வரல, செத்துடலாம்போல இருக்கு.

இதை எழுதியனுப்பும் பையன்கள் உண்டு. தம்பி, இன்று இரவே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மன உளைச்சலில் இருப்போருக்குக் காதுகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பிடம் 03-76272929 எண்ணில் எந்த நேரமும் பேசலாம். பெயர் சொல்லத் தேவையில்லை. மனநல மருத்துவரைப் பார்த்தால் அந்த அறிக்கையையும் மருத்துவச் சோதனையில் கொடுங்கள். ஆஸ்துமாவுக்குச் சொன்னதே இதற்கும். படையிலும் அது தகுதித் தரத்தில் கணக்கில் எடுக்கப்படும். அதைக் காட்டுவது கோழைத்தனம் அல்ல.

மகனுக்கு 24 ஆச்சு. பதிவே பண்ணல. இப்போ சிங்கப்பூர்ல பாட்டி தவறிட்டாங்க. காரியத்துக்கு மட்டும் போயிட்டு வந்துடலாமா?

இப்படியே போகக் கூடாது. உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சோதனைச் சாவடிகள் இரண்டிலும் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்ததும் பெயர் வரும், கைதாகலாம். அங்குள்ள சட்டப்படி 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டு ஆண்டுக்குமேல் தவறியவர்களுக்குப் பொதுவாகச் சிறைதான் கேட்கப்படுகிறது. தவறிய ஆண்டுகள் கூடக்கூடத் தண்டனையும் கூடுகிறது. தானாக வந்து சரணடைந்ததையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் நீதிமன்றம் குறைப்புக்கு எடுத்துக்கொள்கிறது.

காரியத்துக்கு அவன் போகவில்லை என்று உறவினர் பேசுவார்கள், பேசட்டும். கொள்ளி வைக்க வேறு பேரனோ மகனோ இருப்பார். இவன் இங்கே வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடட்டும். அந்தப் பதினாறு நாளுக்குள் சிங்கப்பூர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பிடியுங்கள். கோலாலம்பூர் வழக்கறிஞர் அங்கே வாதாட முடியாது. பழைய முகவரிகள், எந்த ஆண்டு எங்கே இருந்தான், எந்தக் கடிதம் கைக்கு வந்தது, எது வரவில்லை என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பள்ளிச் சான்றிதழ்களோடு அவரிடம் கொடுங்கள். அவர் மூலமாக சி.எம்.பி.பி.-க்கு எழுதி, எந்தத் தேதியில் எப்படி வர வேண்டும் என்ற பதில் கையில் கிடைத்தபிறகே அவன் பாலம் தாண்ட வேண்டும்.